பாலாற்றங்கரை லைட்ஹவுஸுக்கு எண்பத்து நாலு படி

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த லைட்ஹவுஸ் முப்பத்தாறு கிலோமீட்டர். அங்கிருந்து கடல் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலை பார்க்கலாம் என்று பிள்ளை குட்டியோடு போய்விட்டு யாரும் என்னைத் திட்டக் கூடாது.

மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். காதர் தம்பியின் வெள்ளைக் கார். போக வர இரண்டாயிரத்து இருநூறு ரூபாய், டோல் தனி, ஏ.சி. போட்டால் முந்நூறு கூட. சித்திரை வெயில், முந்நூறையும் கொடுத்தோம். பின் சீட்டில் நானும் என் பேத்தி நிஷாவும். நிஷாவுக்கு இருபத்தைந்து வயது. ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் ஆர்டர் பார்க்கிற வேலை. இரண்டு வாரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சாம் ராணிப்பேட்டையில் தோல் கெமிக்கல் லேபில் இருக்கிறான். அவன் பைக்கில் நேராக அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஜோடியாகப் போய்ப் போட்டோ எடுத்து, மண்டப வாசலில் டிவியில் ஓட விடுகிறார்கள். கூட ஒரு பெரிசு போக வேண்டும். ஜோடி எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்ள என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

என்னை அனுப்பியது அதற்கில்லை. நிஷாவுக்கு வலிப்பு உண்டு. பதினேழு வயதில் வந்தது, மாத்திரையில் அடங்கியிருக்கிறது. கடைசியாக வந்தது போன வருஷம், ஒரு கல்யாண வீட்டில். மேடையில் போட்ட டிஜே லைட் படபடவென்று முகத்தில் அடித்தபோது விழுந்தாள். வெட்டி வெட்டி மின்னுகிற வெளிச்சம் இவளுக்கு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளதைச் சொன்னதால் இரண்டு சம்பந்தம் வாசலோடு திரும்பிப் போனது. மூன்றாவதாக வந்த சாம் வீட்டில் நாங்கள் சொல்லவில்லை. தாலி ஏறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்றான் என் மகன். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அம்மா, நிஷா எப்ப வேணா வாயத் தொறந்துடும். நீ தொறக்க வுடாத. பேச்சுல உன்ன யாரும் ஜெயிக்க முடியாது."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

மூன்றரை மணி. மாதனூர் தாண்டியதும் நிஷா ஆரம்பித்தாள். "ஆயா, இன்னிக்கி நான் அவர்கிட்ட சொல்லிட்றேன்."

"இன்னா சொல்லப் போற? உங்க ஆயா நல்லா சமைக்கும்னா? பொய் சொல்லாத, கல்யாணம் நின்னுடும்."

"வெளையாடாத. நிச்சயம் ஆன நாள்லேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. அவரு தெனம் போன் பண்ணி லைட்ஹவுஸ் கதையா சொல்றாரு. எனக்கு ஒவ்வொரு வாட்டியும் திருடி மாதிரி இருக்குது."

காதர் கண்ணாடியில் பார்த்தான். "இன்னா பெரிம்மா, பாப்பா அழுவுது?"

"ஏ.சி. ஜாஸ்தி தம்பி, கண்ல தண்ணி வருது. கம்மி பண்ணு."

சாமுக்கு லைட்ஹவுஸ் என்றால் உயிர். அவன் போனைத் திறந்தால் லைட்ஹவுஸ் படம். அவன் படிக்கிற கதையில் எல்லாம் ஒரு பாறை, ஒரு புயல், மேலே ஒருத்தன். எனக்கும் அந்தப் பித்து ஒரு காலத்தில் இருந்ததுதான். ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே சாப்பாட்டு நேரம் அரை மணி. தையல் மிஷினில் இருந்த ஒருத்தி மாத நாவல் வாங்கி வந்து சத்தமாகப் படிப்பாள், பன்னிரண்டு பேர் சோற்றைப் பிசைந்தபடி கேட்போம். நான் நாலாங்கிளாஸ். படிக்க வராது, கேட்க நன்றாக வரும். ஒரு கதையில் லைட்ஹவுஸில் விளக்கேற்றுகிறவன் ஒருத்தன். சட்டை எப்போதும் நனைந்தே இருக்கும். மனதில் இருப்பதை யாரிடமும் சொல்ல மாட்டான். அந்தக் கதை முடிகிற வரைக்கும் பன்னிரண்டு பேரும் வீட்டில் புருஷனோடு சரியாகப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரர் சட்டையும் நனைந்துதான் இருக்கும், தோல் ஊறுகிற தொட்டித் தண்ணீரில். அந்த ஈரத்தை யாரும் கதையில் எழுதவில்லை.

நாலு மணிக்குப் பள்ளிகொண்டா டோல். அதைத் தாண்டி எட்டாவது கிலோமீட்டரில் சர்வீஸ் ரோட்டில் இறங்கினால், இடது பக்கம் லாரிக்காரர்கள் டீ குடிக்கிற இடத்துக்குப் பின்னால் நிற்கிறது. சிவப்பும் வெள்ளையும் வளையம் வளையமாகப் பெயின்ட் அடித்த உருண்டைத் தகரக் கோபுரம், அறுபத்திரண்டு அடி, உச்சியில் கண்ணாடி அறை. ஒரு பக்கம் ஹைவே, மறு பக்கம் பாலாறு. பாலாற்றில் மணல்தான் இருந்தது, அதில் நாலு மாடு படுத்திருந்தது. டீ இருபது ரூபாய். ஆம்பூரில் பன்னிரண்டு. உயரம் கூடக்கூட விலையும் கூடும்போல.

கட்டியவர் மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி. செருப்புச் சந்தைக்கு வெளிநாடு போனவர் அங்கே ஒரு லைட்ஹவுஸைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து மூன்று மாதம் தூங்கவில்லையாம். இதை வாட்ச்மேன் சொன்னார். அறுபது வயது, காக்கிச் சட்டை, காலில் பிளாஸ்டிக் செருப்பு.

"கப்பல் வருமா?" என்று கேட்டேன்.

"லாரி வரும்மா. தூரத்துலேர்ந்து லைட்டப் பாத்துட்டு டீக்கு எறங்குவானுங்க. மொதலாளி கணக்கு அதான்."

சீட்டு ஐம்பது ரூபாய், குழந்தைக்கு முப்பது. கல்யாண ஜோடிக்குத் தனி பேக்கேஜ், மூவாயிரத்து ஐந்நூறு. அதில் இன்ன இன்ன என்று பலகையில் எழுதியிருந்தது. நிஷா படித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"இன்னா போட்டிருக்குது?"

"ஆறரை மணிக்கு வெளக்கு எரியும்போது ஜோடி மேல வெளக்குக்குப் பக்கத்துலயே நிக்கலாமாம்."

அதற்கென்ன, விளக்குதானே, மெதுவாகச் சுற்றும் என்றேன். வாட்ச்மேன் சிரித்தார். "மொதல்ல அப்படித்தாம்மா வெச்சாரு. எவனும் திரும்பிப் பாக்கல. இப்ப மாத்திட்டாரு. பளிச் பளிச்சுனு வெட்டும். கண்ணு கூசிடும். வீடியோல சூப்பரா வரும்."

டிஜே லைட் மாதிரியேதான். நிஷாவின் முகம் வெளுத்துவிட்டது. மணி நாலே முக்கால்.

ஐந்து மணிக்கு சாம் வந்தான். பைக்கை நிறுத்தியதும் கோபுரத்தைப் பார்த்து நின்ற நிற்பில், மாப்பிள்ளை பார்க்க வந்தது எங்கள் பெண்ணையா இதையா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. "சர்ப்ரைஸ் நிஷா! லைட் எரியும்போது நாம மேல இருப்போம்" என்றான்.

"அப்படி இன்னாப்பா அதுல இருக்குது?" என்று கேட்டேன், நேரத்தைக் கடத்த.

"நாம எவ்ளோ தூரத்துல வழி தெரியாம கெடந்தாலும் ஒருத்தன் நமக்காக முழிச்சிருக்கான் ஆயா. அத நெனச்சாலே நல்லா இருக்குது."

"நைட் ஷிஃப்ட் வாட்ச்மேன்கூடத்தான் முழிச்சிருக்கான். அவனுக்கு யாரு கதை எழுதறா?"

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவனைப் போக விட எங்களுக்கு மனசில்லை.

ஐந்தேகால் முதல் ஆறு வரை கீழே போட்டோ. கேமராக்காரப் பையன் அருள், "சார், மேடம் தோள்மேல கை வைங்க, கடலப் பாருங்க" என்பான். இரண்டு பேரும் மாட்டைப் பார்ப்பார்கள். நடுவில் மூன்று தடவை நிஷா, "சாம், ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். முதல் தடவை எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. இரண்டாவது தடவை காலில் முள் குத்தியது. மூன்றாவது தடவை ஒன்றும் தோன்றாமல், "மாப்ள, ஒங்க அம்மாவுக்குப் புடவை பச்சையா நீலமா?" என்று கேட்டுவிட்டேன். நிஷா என்னைப் பார்த்த பார்வையில் பாலாறு மறுபடியும் வற்றியிருக்கும்.

நடுவே வாட்ச்மேனைத் தனியாகப் பிடித்தேன். "ஐயா, இன்னிக்கி ஒரு அரை மணி கழிச்சுப் போடுங்களேன்."

"என் கையில இல்லம்மா. டைமரு. ஆறரைன்னா தானா எரியும். மொதலாளி கேமரால பாத்துக்கினு இருப்பாரு. ஒரு நாள் லேட்டாயி எனக்கு பேஜாராப் போச்சி."

ஆறு பத்துக்கு அருள் மேலே போகலாம் என்றான். முட்டி வலிக்கிறது, வேண்டாம், போய்விடலாம் என்றேன்.

"நீங்க கீழ உக்காருங்க ஆயா. நாங்க ஏறிட்டு வந்துட்றோம்" என்றான் சாம்.

என் புத்தி என்னையே கடித்தது. நானும் ஏறினேன். உள்ளே சுற்றுப்படி, இரும்பு, ஓர் ஆள் அகலம். எண்பத்து நாலு படி என்று கீழே எழுதியிருக்கிறது, நான் எண்ணிப் பார்த்ததில் சரிதான். வெயிலில் காய்ந்த தகரம் உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது. முன்னால் நிஷா. "நீ சும்மா கண்ண மூடிக்கோ, இல்ல திரும்பி நில்லு" என்று குசுகுசுத்தேன்.

"மூடினாலும் தெரியும் ஆயா. அன்னிக்கி மூடிக்கினுதான் விழுந்தேன்."

"அப்ப தலை சுத்துதுன்னு எறங்கிடு."

"எறங்க மாட்டேன். சொல்லிட்டுத்தான் எறங்குவேன். இன்னிக்கி எறங்கிட்டா நாளைக்கு இன்னொரு பொய்யி."

ஆறு இருபதுக்கு உச்சியில் இருந்தோம். காற்று நன்றாக அடித்தது, அதை மறைக்காமல் சொல்கிறேன். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஹைவேயில் லாரிகள் எறும்பு மாதிரி. தூரத்தில் மலைகள். கதை கேட்ட அந்தப் பன்னிரண்டு பேரும் இங்கே வந்திருந்தால் ஆளுக்கொரு பெருமூச்சு விட்டிருப்பார்கள். எனக்கு மூச்சே வரவில்லை. கண்ணாடி அறையின் நடுவில் குடம் அளவு விளக்கு. அதிலிருந்து ஒரு கை தூரத்தில் அருள் இரண்டு பேரையும் நிறுத்தினான்.

"இன்னும் எட்டு நிமிஷம் சார். லைட் வந்ததும் மேடம் ஒங்களப் பாக்கணும், கண்ணச் சிமிட்டக் கூடாது."

நிஷா சாமின் கையைப் பிடித்தாள். "சாம், கேமராவ வெக்கச் சொல்லுங்க. நான் சொல்றதக் கேட்டுட்டு நீங்க இன்னா முடிவு வேணா எடுங்க."

"இன்னா நிஷா? வேற யாரயாச்சும்..."

"அது இல்ல. எனக்கு..."

நான் விழுந்துவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. வாயை அடைக்க வேண்டும், எல்லாரையும் கீழே இறக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே வழி அதுதான் என்று உடம்பு முடிவு செய்தது. கண்ணை மேலே சொருகி, கையை இறுக்கி, காலை இரண்டு உதறு உதறினேன். எட்டு வருஷமாகப் பேத்திக்கு வரும்போது பார்த்தது, வேறென்ன தெரியும் எனக்கு? மயக்கம் போட்டிருக்கலாம். மயக்கம் எப்படிப் போடுவது என்று அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"ஐயோ, வலிப்பு! இரும்பு குடுங்க!" என்று கத்தினான் அருள். தன் பைக் சாவியையே என் கையில் திணித்தான். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் யார் விழுந்தாலும் மூக்கில் தோல் செருப்பை வைப்பார்கள், அந்த வாசனைக்கு வலிப்பு ஓடிவிடும் என்று. டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். அருள் தன் செருப்பைக் கழற்றி என் மூக்கில் அழுத்தினான். முப்பத்தோரு வருஷம் தோலோடு இருந்தவள் நான். முதல் மூச்சிலேயே தெரிந்துவிட்டது, தோலே இல்லை, ரெக்சின். வலிப்பு நிஜமாக இருந்தால்கூட இதற்கு அசைந்திருக்காது. சொல்ல வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

சாம் தோளைப் பிடித்தான், அருள் காலைப் பிடித்தான். அந்த ஓர் ஆள் அகலப் படியில் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் அறுபத்தெட்டு கிலோ. பின்னால் நிஷாவின் காலடிச் சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தேன். வந்தது. கீழே தரையில் என்னைக் கிடத்தும்போது உச்சியில் டக்கென்று சத்தம். விளக்கு வந்துவிட்டது. மூடிய கண்ணுக்கு மேலேயே வெள்ளை வெள்ளையாக வெட்டியது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். நிஷா கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, டீக்கடைச் சுவரைப் பார்த்து நின்றாள். நின்றுதான் இருந்தாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

காதர் ஓடி வந்து அவன் செருப்பையும் வைத்தான். அது நல்ல ஆட்டுத்தோல். சாம் மூச்சு வாங்க, "ஆயாவுக்கு இது எத்தினி வருஷமா இருக்குது?" என்று கேட்டான். அவன் குரல் மாறியது. "இது குடும்பத்துல வர்றதா? எங்ககிட்ட ஏன் யாரும் சொல்லல? நிஷா, ஒன்னத்தான் கேக்கறேன்."

மறைக்கப் போய், மறைக்க வேண்டியதையே நடித்துக் காட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிஷா திரும்பாமலே சொன்னாள். "ஆயாவுக்கு ஒண்ணும் இல்ல. நடிக்குது. எழுந்துரு ஆயா."

எழுந்து உட்கார்ந்தேன். காதர் செருப்பைப் பிடித்தபடியே ஒரு அடி பின்னால் போனான்.

"வலிப்பு எனக்குத்தான். எட்டு வருஷமா. மாத்திரை சாப்பிடறேன். இந்த மாதிரி லைட் ஆகாது. அதான் ஒங்க பக்கம் திரும்ப முடியல."

சாம் அவளைப் பார்த்தான், மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான். "யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும். ஒங்களத் தவிர."

அவன் பைக்குக்குப் போனான். ஹெல்மெட்டை மாட்டினான். வண்டியில் உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்யவில்லை. ஆறு முப்பத்தெட்டு. விளக்கு வெட்ட வெட்ட அவன் ஹெல்மெட் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஒவ்வொரு மறைவிலும் போய்விட்டான் என்றே நினைத்தேன். கிட்டே போய், "மாப்ள, பாவம் அது, சொல்லத்தான் துடிச்சிது, நான்தான்..." என்றேன்.

"ஆயா, தயவுசெஞ்சி நீங்க பேசாதீங்க."

பேசவில்லை. கதையில் அந்த விளக்குக்காரன் யாரிடமும் எதையும் சொல்லாதது எங்களுக்கெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் லைட்ஹவுஸ் வைக்கிறதே, இங்கே பாறை இருக்கிறது, பார்த்து வா என்று ஊருக்குச் சொல்லத்தானே. அதை இருட்டாக வைத்துவிட்டுக் கப்பல் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம் நாங்கள்.

ஆறே முக்கால் இருக்கும். சாம் ஹெல்மெட்டைக் கழற்றினான். நேராக நிஷாவிடம் வந்து, கோபுரத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றான். "மொதல்ல இங்கேர்ந்து வா" என்று டீக்கடைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அங்கே வெளிச்சம் வரவில்லை. நானும் காதரும் பின்னாலேயே போனோம். பிறகு கத்தினான். நன்றாகவே கத்தினான். நிச்சயத்தன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், என்னை என்ன நினைத்தீர்கள், இன்றைக்கு மேலே இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று.

"அம்மாகிட்ட நாளைக்கு நாம ரெண்டு பேரும் போய்ச் சொல்றோம்" என்றான் கடைசியில். "கத்துவாங்க."

"வேணாம்னு சொல்லிட்டா?" என்றாள் நிஷா.

"சொல்லட்டும். அப்பறம் நான் பேசுவேன். ஆனா இனிமே யாரும் எனக்குத் தெரியாம எதயும் வெச்சுக்கக் கூடாது." காதர் கையில் இருந்த செருப்பைப் பார்த்தான். "அது வந்தா நான் இன்னா செய்யணும்? செருப்பு வெக்கணுமா?"

"ஐயோ, வேணாம். செருப்பும் வேணாம், சாவியும் வேணாம். வாயில எதயும் வெக்கக் கூடாது. கையக் காலப் புடிச்சி அமுக்கக் கூடாது. ஒருக்களிச்சிப் படுக்க வெச்சி, தலைக்குக் கீழ எதனா மெத்துனு வெச்சிட்டு, மணி பாக்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆஸ்பத்திரி."

"எனக்குக் கேட்டா புரியாது. செஞ்சி பாத்தாத்தான் வரும். யாராச்சும் படுத்தா..."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

இந்த வயதில் ஒரே நாளில் இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாவது தடவை மரியாதையாகப் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தேன். முதலில் சாம் என்னைக் குப்புறத் தள்ளிவிட்டான். "ஐயோ, மூச்சு முட்டும், இப்படி" என்று நிஷா அவன் கையைப் பிடித்துத் தோளில் வைத்துக் காட்டினாள். இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஜாக்கெட்டைச் சுருட்டித் தலைக்குக் கீழே வைத்தான். லாரிக்காரர்கள் டீ கிளாசோடு சுற்றி நின்றார்கள்.

"அஞ்சு நிமிஷம் ஆயா அசையக் கூடாது" என்றான். "நான் டைம் பாக்கறேன்."

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் ஐந்து நிமிஷம் வாய் மூடி இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. இங்கே, பள்ளிகொண்டா தாண்டி எட்டாவது கிலோமீட்டரில், டீக்கடைப் பின்புறத்து மண்ணில் இருந்தேன். மூன்றாவது நிமிஷம் ஆகியிருக்கும், ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் வாட்ச்சைப் பார்க்கவில்லை. நிஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் தப்பாகப் போகிறது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.